நருமதைக் கரையில் ஒரு சம்பளக் கணக்கு

நம் சங்க இதழுக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி காணப்படுகிறது. "மகன் பொறியியல் படித்துவிட்டுத் தொழிற் பாதுகாப்பில் பட்டயமும் பெற்றிருக்கிறான். குஜராத்தில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். சம்பளம் எவ்வளவு? அங்கே குடும்பம் நடத்தக் கட்டுமா?" என்பதே அது. இருந்த இடத்திலிருந்தே விடை எழுதுவது எளிது. ஆனால் சம்பளத்தின் அளவு காகிதத்தில் தெரியுமேயன்றி, அது செல்லும் வழி காகிதத்தில் தெரியாது. ஆகவே மாசித் திங்களில் நான்கு நாள் ஓய்வு கிடைத்தபோது மும்பையிலிருந்து புறப்பட்டு, பரூச், அங்கலேஷ்வர், தஹேஜ் ஆகிய மூன்று ஊர்களையும் பார்த்து, அங்கு வாழும் நம்மவரோடு பேசி வந்தோம். கண்டதையும் கேட்டதையும் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

வழியும் ஊரும்

மும்பையிலிருந்து பரூச் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் நண்பகலை ஒட்டிப் போய்ச் சேரலாம். டஹாணுப் பக்கத்தில் பாதையின் இரு மருங்கும் சப்போட்டாத் தோப்புகள். மாநில எல்லையைக் கடந்தவுடன் வாப்பி வருகிறது. தோப்புகள் பின்னே நிற்கப் புகைபோக்கிகள் முன்னே வருகின்றன. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற வல்சாடு, துணிக்கும் வைரத்துக்கும் பெயர் பெற்ற சூரத்து, தபதி ஆறு, அங்கலேஷ்வர், பிறகு நருமதை.

கடலை நெருங்கிவிட்டமையால் நருமதை இங்கே மிக அகன்று கிடக்கிறது. புகைவண்டிப் பாலத்தின் மீது செல்லும்போது பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் ஒன்று தென்படும். 1881ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதனை மக்கள் 'தங்கப் பாலம்' என்று அழைக்கிறார்கள். அதற்கு ஆன செலவைத் தங்கத்தையே கொண்டு கட்டியிருக்கலாமே என்று வியந்து இட்ட பெயர் என்பது ஊர்ப் பேச்சு.

அதே 1881ஆம் ஆண்டில்தான் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் பிறந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது; ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று அது விதித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒன்பது மணி நேரம் உழைப்பது அன்று சட்டம் இரங்கி அளித்த சலுகை! அந்த நாளிலிருந்து இந்த நாள் வரை வந்த நெடும் பயணத்தின் ஒரு கட்டமே நாம் பார்க்கப்போன பாதுகாப்புப் பொறியாளர் உத்தியோகம்.

பரூச் மிகப் பழைய பட்டினம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடற்பயண நூலில் 'பரிகசா' என்ற பெயரால் இத்துறைமுகம் விரிவாகப் பேசப்படுகிறது. முசிறியும் அந்நூலிலேயே இடம் பெறுகிறது. ஆகவே இந்த ஊரும் தமிழகமும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே கடல் வழியில் இருப்பவை. பழைய ஊர் மேட்டின் மேல் நெருங்கிய தெருக்களாக இருக்கிறது. புதிய குடியிருப்புகள் நெடுஞ்சாலையை நோக்கி வளர்ந்துள்ளன. பரூச்சின் உப்புக் கடலை புகழ் வாய்ந்தது; தோல் நீங்கி, உப்பேறி, வாயிலிட்டதும் நொறுங்கும். வாங்கிக்கொண்டு வராதவரை வீட்டார் மன்னியார்.

எண்ணெயும் வேதியும்

நருமதைக்குத் தென்கரையில் அங்கலேஷ்வர். 1960ஆம் ஆண்டில் இங்கு எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1962இல் தோன்றிய குஜராத் தொழில் வளர்ச்சிக் கழகம் பின்னர் இங்கே பெரியதொரு தொழிற்பேட்டையை அமைத்தது. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி, அவற்றுக்கு வேண்டிய இடைப்பொருள்கள் எனப் பலவும் இங்கே உற்பத்தியாகின்றன. மாலை நேரத்தில் பேட்டையின் தெருக்களில் நடந்தால், எந்தத் தெரு என்பதை மூக்கே சொல்லிவிடும் என்றார் ஓர் அன்பர். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் வேதனை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் நாட்டின் தொழிற்பகுதிகளை மாசின் அளவால் வரிசைப்படுத்தியபோது அங்கலேஷ்வரே முதலிடத்தில் நின்றது. வாழ்க்கைச் செலவைக் கணக்கிடுவோர் இதையும் மனத்திற்கொள்ள வேண்டும். பேட்டையை ஒட்டிய வீட்டில் வாடகை குறைவு; ஆனால் குழந்தைக்கு இருமல் வந்தால் அந்தக் குறைவு மருந்துக் கடைக்குப் போய்விடும். குடும்பத்தோடு இருப்பவர் பலர் ஆற்றைத் தாண்டிப் பரூச்சில் வீடு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரூச்சிலிருந்து மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், காம்பே வளைகுடாவின் கரையில் இருப்பது தஹேஜ். ஒரு காலத்தில் உப்பளமும் மீன்பிடித்தலுமாக இருந்த கரை. குளிரூட்டித் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்கும் நாட்டின் முதல் முனையம் 2004ஆம் ஆண்டில் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. இன்று செம்பு உருக்காலை, பெட்ரோலிய வேதி ஆலைகள், காரமும் குளோரினும் ஆக்கும் ஆலைகள் எனக் கண்ணுக்கெட்டிய தூரம் குழாய்களும் கோபுரங்களுமே நிற்கின்றன. வேலை செய்வோரில் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டு மாநிலத்தார் மிகுதி. காலை ஏழு மணிக்குப் பரூச் நகரின் சந்திகளில் ஆலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் காட்சி பார்க்கத் தக்கது.

நாம் சென்ற நாள் மார்ச் 4. தேசியப் பாதுகாப்புக் குழு 1966ஆம் ஆண்டு அந்நாளில் தோன்றியதன் நினைவாக, அது 1972 முதல் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆலை வாயில்தோறும் பச்சைக் கொடி, உறுதிமொழி வாசகம், தொழிலாளர்க்கு மிட்டாய். கொண்டாட்டத்தின் பின்னே இருப்பது என்ன என்பதையும் அவ்வூரார் அறிவர். 2020 ஜூன் 3 அன்று தஹேஜில் ஒரு வேதி ஆலையில் பெரு வெடிப்பு நேர்ந்தது. தொழிலாளர் பலர் மாண்டனர். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அந்தப் புகையைத் தம் வீட்டு மாடியிலிருந்து பார்த்ததாக ஒரு குடும்பத்தார் நம்மிடம் கூறினர்.

உத்தியோகம் பிறந்த கதை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்துக்கு 1976இல் செய்த திருத்தம், ஆயிரம் தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து, உறக்கத்திலிருந்த ஊர் மாண்டது. அதன் பின் 1987இல் வந்த திருத்தம், ஆலையில் உள்ள அபாயங்களைத் தொழிலாளருக்கு மறைக்காமல் கூறவேண்டும் என்றும், உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கத் தொழிலாளருக்கு உரிமை உண்டு என்றும் வகுத்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதன்படி 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கும், அபாயகரமான தொழில் நடக்கும் இடமாயின் 250 பேர் உள்ள ஆலைக்கும் பாதுகாப்பு அலுவலர் வேண்டும். எண் குறைந்ததால் இடங்கள் பெருகும் என்று இளைஞர்கள் நம்புகிறார்கள்.

பழைய சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மூன்று செய்திகள் நம் கருத்தை ஈர்த்தன. பாதுகாப்பு அலுவலரின் சம்பளமும் படிகளும் அவரோடு ஒத்த நிலையிலுள்ள ஏனைய அலுவலருக்கு உள்ளவை போன்றே இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவருடைய கடமைக்கு முரணான வேறு வேலைகளை அவரிடம் தரலாகாது என்பது மற்றொன்று. அவ்விடத்துத் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியை அவர் போதிய அளவு அறிந்திருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

நல்ல விதிகள்தாம். ஆனால் இவை சட்டம் கேட்கும் அலுவலரைப் பற்றியவை. தஹேஜில் பாதுகாப்புச் சட்டை அணிந்து நிற்கும் நம் பிள்ளைகளில் பலர் அந்த அலுவலர் அல்லர். ஆலைக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரரிடம் 'சேஃப்டி சூப்பர்வைசர்' என்ற பெயரில் இருப்பவர்கள். தொப்பி ஒன்றே, சட்டையின் நிறமும் ஒன்றே, சம்பளச் சீட்டில் உள்ள பெயர்தான் வேறு. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதை நாம் அங்கே கற்றோம்.

மூன்று வீட்டுக் கணக்கு

நாம் சந்தித்த அன்பர்கள் கூறியதைத் தொகுத்தால், ஒப்பந்தக்காரரிடம் புதிதாகச் சேர்வோர் மாதம் ரூ. 20,000 முதல் 28,000 வரை பெறுகின்றனர். ஐந்தாறு ஆண்டு அனுபவம் வந்தபின் 30,000 முதல் 45,000. ஆலையின் நேர் ஊழியராக இருப்போர் 50,000 முதல் 80,000. துறைத் தலைவராய் உயர்ந்தோர் இலட்சத்தைத் தாண்டுகின்றனர்.

முதல் கணக்கு சேலத்து இளைஞர் ஒருவருடையது. வயது 26, இயந்திரப் பொறியியலில் பட்டயம், சம்பளம் 30,000. நால்வர் சேர்ந்து எடுத்த வீட்டில் அவர் பங்கு வாடகை 2,500, சாப்பாடு 5,000, தொலைபேசி முதலிய சில்லறைச் செலவு 2,500, படிப்புக் கடனுக்கு 6,000, ஊருக்கு 10,000. ஆக 26,000. மாதம் 4,000 மிச்சம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஒப்பந்தம் தொடங்கும் வரை கடந்த ஆண்டில் இரண்டு மாதம் அவருக்கு வேலை இல்லை. பத்து மாதத்தில் சேர்த்த 40,000 போதாமல் மேலும் 12,000 கடன் வாங்கினார். ஆண்டு முழுவதும் உழைத்து, சென்ற ஆண்டை விடப் பன்னிரண்டாயிரம் ஏழையானதுதான் மிச்சம். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் 'ஷட்டவுன்' காலத்தில் நாட்கூலி உயர்வாகக் கிடைக்கும். முப்பது நாற்பது நாளில் அது முடிந்துபோகும்.

இரண்டாவது கணக்கு, பரூச்சில் குடும்பத்தோடு வாழும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவருடையது. பொறியியல் பட்டமும் பாதுகாப்புப் பட்டயமும் பெற்றவர், ஆலையின் நேர் ஊழியர், பதினோராண்டு அனுபவம். சம்பளம் 62,000. சேமநிதியும், மாதம் 200 ரூபாய்த் தொழில் வரியும் போகக் கைக்கு வருவது 56,000. 2025–26 நிதியாண்டில் புதிய முறைப்படி 12 இலட்சம் வரையுள்ள வருமானத்துக்கு வரி இல்லையாதலின், வருமான வரி அவரைத் தொடவில்லை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 11,000. அரிசி, மளிகை, பால், காய்கறி 13,000. இரு குழந்தைகளின் பள்ளி 7,000. மின்சாரம், குழாய் எரிவாயு, தொலைபேசி 3,500. ஊரில் பெற்றோருக்கு 10,000. வண்டிச் செலவு 2,500. மருந்து, துணிமணி, பண்டிகை 3,000. ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று வர மாதம் ஒதுக்குவது 2,500. ஆகச் செலவு 52,500. மிச்சம் 3,500.

மூன்றாவது கணக்கு நம் மும்பைப் பக்கத்தது. தானே–பேலாப்பூர்த் தொழிற்பகுதியில் அதே உத்தியோகத்தில் அதே அனுபவத்தோடு இருக்கும் நண்பருக்குக் கைக்கு வருவது 78,000. பரூச்சு அன்பரை விட 22,000 மிகுதி. ஆனால் ஐரோலியில் அவர் கொடுக்கும் வாடகை 32,000. அது மட்டுமே 21,000 மிகுதி. பள்ளிச் செலவின் வேற்றுமையையும் சேர்த்தால் பரூச்சு அன்பரின் 3,500 கூட இவரிடம் நிற்பதில்லை. வருவாயின் வாயிலை மட்டும் அளந்து பயனில்லை, செலவின் வாயிலையும் அளக்க வேண்டும் என்ற வள்ளுவர் கருத்து, பட்டினத்து வாடகையைப் பார்த்தே தோன்றியதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

பரூச்சில் நம் சமையலுக்குக் குறைவில்லை. இட்டிலி அரிசியும் வறுத்த காப்பிக் கொட்டையும் கிடைக்கின்றன. ஆனால் மேற்கேயிருந்து உப்பு நீர் ஏறும் ஊராதலால் குடிநீரை வடிகட்ட வேண்டியிருக்கிறது. சித்திரை வைகாசியில் வெயில் கடுமை. குளிர்சாதனப் பெட்டி ஓடினால் மின்கட்டணம் இரு மடங்காகும். ஊருக்குச் செல்ல வடோதரா, சூரத்து வழியாகச் சென்னை வரை ஓடும் நவஜீவன் விரைவு வண்டி உண்டு. அங்கிருந்து திருநெல்வேலிக்கு மற்றொரு வண்டி. நால்வர் போய் வர இருபதாயிரம் ரூபாய் என்பதை மேற்கூறிய அன்பரின் மனைவியார் விரல் விட்டுக் கணக்குக் காட்டினார்.

நிப்பாட்டுத் துட்டு

அவ்வீட்டில் பகலுணவு உண்டோம். சொதியும் இஞ்சிப் பச்சடியும் நெல்லையிலேயே இருப்பது போன்ற மயக்கத்தைத் தந்தன. சம்பளத்தைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டே போனதைப் பொறுமையாகக் கேட்ட அம்மையார், "அண்ணாச்சி, சம்பளம் எவ்வளவுன்னு எல்லாரும் கேக்காங்க. மிச்சம் எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க" என்றார். பிறகு வங்கிச் சேமிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். மாதம் 3,500 ரூபாய் தவறாமல் ஏறியிருந்தது. ஆண்டுதோறும் வரும் ஊக்கத்தொகையிலும் ஒரு பகுதி. ஐந்தாண்டில் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அது அவர்கள் வீட்டின் ஆறு மாதச் செலவு. "இதுக்குப் பேரு நிப்பாட்டுத் துட்டு" என்றார் சிரித்துக்கொண்டே.

பெயர்க் காரணத்தைக் கணவர் விளக்கினார். ஆலையில் தீப்பற்றக் கூடிய பொருள் இருந்த தொட்டியைப் பழுது பார்க்குமுன், உள்ளே நைட்ரஜன் வாயுவைச் செலுத்தித் தீயின் ஆபத்தை நீக்குவார்கள். நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றிலும் பெரும்பங்கு அதுவே. ஆனால் அதுவே தொட்டியை நிரப்பிக்கொண்டால் பிராணவாயு குறைந்துவிடும். இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டுவது கூடத் தெரியாது. இரண்டொரு மூச்சில் மயங்கி விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். இயல்பான காற்றில் பிராணவாயு 20.9 விழுக்காடு. 19.5க்குக் குறைந்தால் ஆள் இறங்கலாகாது என்பது இத்துறையின் நடைமுறை. கருவியை உள்ளே விட்டு அளந்து, பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான் 'பெர்மிட்' எனப்படும் அனுமதிச் சீட்டு செல்லும்.

ஒரு நாள் மாலை. பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆலை. தொட்டியின் வாயிலில் கருவி 20.6 காட்டியது, அடிப்பகுதியில் 18.2. மேலே நின்று அளந்த கணக்கைக் கொண்டு கையெழுத்து இடுமாறு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வற்புறுத்தினர். மறுநாள் காலை ஆலை ஓடியாக வேண்டும். பத்துப் பேர் காத்து நிற்கின்றனர். மேலதிகாரி தொலைபேசியில் இரண்டு முறை கேட்டுவிட்டார். உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்காமலா போவார் என்ற சொல்லும் வந்தது. "அந்த நேரத்தில் எனக்குச் சட்டம் நினைவுக்கு வரவில்லை. இவள் வைத்திருக்கும் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. ஆறு மாதம் பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் கை தானாகப் பின்னே போயிற்று, கையெழுத்து இடவில்லை" என்றார் அவர்.

காற்றூதியை வைத்து ஒன்றரை மணி நேரம் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தினார்கள். அடிப்பகுதியிலும் 20.8 ஆயிற்று. சீட்டு எழுதப்பட்டது, இருவர் இறங்கினர், வேலை முடிந்து இருவரும் ஏறினர். ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புப் பொறியாளரின் நல்ல நாள் என்பது ஒன்றும் நடக்காத நாள். அதற்கு மாலையும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. இறங்கி ஏறிய அந்த ஒடிசாக்காரர் இருவரும் மறுநாள் அவரைப் பார்த்து வணக்கம் கூறினார்களா என்று கேட்டோம். "அவர்களுக்கு என்ன தெரியும்? தாமதமானதால் என்மேல் கோபமாக இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

சேலத்து இளைஞரை அப்பொழுது நினைத்துக்கொண்டோம். அறிவிலும் அச்சமின்மையிலும் அவர் ஒருவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் பன்னிரண்டாயிரம் கடனோடு அடுத்த ஒப்பந்தத்தை எதிர்நோக்கி இருப்பவரிடம் அதே சீட்டை நீட்டினால் அவர் என்ன செய்வார்? அவரையே கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "கையெழுத்து இடமாட்டேன் ஐயா. ஆனால் மறுநாள் வாயிற்காவலில் என் அட்டை வேலை செய்யாது" என்றார். இந்த உத்தியோகத்தில் சம்பளமும் வாழ்க்கைச் செலவும் வீட்டு விவகாரம் மட்டும் அல்ல என்பது எமக்கு அங்கே விளங்கிற்று. மாத முடிவில் கையில் மீதம் உள்ளவனே 'நிறுத்து' என்று துணிந்து சொல்ல முடியும். அச்சொல்லை நம்பித்தான் தொட்டிக்குள் இறங்குகிறவனின் உயிர் இருக்கிறது. குறைந்த சம்பளத்தில் பாதுகாப்புப் பொறியாளரை வைத்துக்கொள்ளும் முதலாளி மிச்சப்படுத்துவது பணத்தை அன்று. அந்த ஒரு சொல்லையே விலையில்லாமல் செய்து விடுகிறார்.

மொழி என்னும் மூலதனம்

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தொழிலாளரின் மொழி தெரிந்திருத்தல் வேண்டும் என்ற விதியைப் படிக்கும்போது அது தமிழரைத் தடுக்க இட்ட வேலி போலத் தோன்றலாம். நேரில் கண்டபோது அவ்வாறு தோன்றவில்லை. சாரத்தின் மேல் நாற்பதடி உயரத்தில் கச்சையின் கொக்கியை மாட்டாமல் நிற்பவனிடம் ஆங்கிலத்தில் பேசி என்ன பயன்? நெல்லை அன்பர் வந்த முதலாண்டில் இந்தியும், பின்னர் ஓரளவு குஜராத்தியும், அவசரத்துக்கு வேண்டிய ஒடியாச் சொற்கள் இருபதும் கற்றுக்கொண்டார். காலையில் வேலை தொடங்குமுன் தொழிலாளரைக் கூட்டி வைத்து அவர் பேசியதைக் கேட்டோம். பத்து நிமிடம், இரண்டு நகைச்சுவை, ஒரே ஓர் எச்சரிக்கை. எல்லாரும் கேட்டனர். மேல்மாடி அலுவலகத்தில் நல்ல ஆங்கிலம் சம்பளத்தை உயர்த்தும். கீழே தளத்தில் தொழிலாளியின் மொழியே வேலையைக் காக்கும்.

புறப்படுவோர்க்கு

கடிதம் எழுதிய பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் நாம் கூற விரும்புவன சில.

பட்டயம் சேருமுன், அதனை அந்த மாநில அரசின் தொழிற் பாதுகாப்பு இயக்ககம் ஏற்கிறதா என்று விசாரியுங்கள். சென்னைத் தரமணியிலும் மும்பைச் சயானிலும் உள்ள மத்திய அரசின் தொழிலாளர் கல்வி நிலையங்கள் நடத்தும் பட்டயம் எங்கும் மதிப்புடையது. திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியிலும் இத்துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆறு மாதத்தில் எல்லாம் கற்பித்துச் சுவரில் மாட்டச் சான்றிதழ் தரும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் சான்றிதழ் சட்டம் கேட்கும் அலுவலராவதற்கு உதவாது. வளைகுடா நாடுகளை எண்ணி வெளிநாட்டுச் சான்றிதழுக்குப் பெருந்தொகை செலவிடுவோர், கடன் வாங்கிச் செய்யாதிருப்பது நலம்.

நியமனக் கடிதம் கையில் வராமல் வண்டி ஏறாதீர்கள். எல்லா ஊழியர்க்கும் கடிதம் தரவேண்டும் என்று இப்போதைய சட்டம் கூறுகிறது. கடிதத்தின் கீழே கையெழுத்து ஆலையுடையதா, ஒப்பந்தக்காரருடையதா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரருடையதாயின் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்காமல் வேலை உள்ள மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். தங்குமிடமும் பேருந்தும் உண்டா என்று கேளுங்கள். தஹேஜுக்கு நாளும் தொண்ணூறு கிலோமீட்டர் போய் வருவது விளையாட்டன்று. வாடகை குறைவு என்பதற்காகப் பேட்டையின் புகையில் குழந்தைகளை வைக்காதீர்கள்.

ஊரிலிருக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகன் அனுப்பும் பத்தாயிரம் உங்கள் உரிமை. ஆனால் அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் வீடு கட்டவும் தங்கைக்கு நகை செய்யவும் அவன் பெயரில் கடன் ஏற்றாதீர்கள். அவன் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றிருக்கிறான். கடன் அவன் கையைப் பிடித்துத் தவறான சீட்டில் கையெழுத்து இடச் செய்யக்கூடும்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்க்கு இரண்டு மாதத்துக்கு வட்டியில்லாக் கைமாற்றுத் தர ஒரு சிறு நிதி தொடங்கலாம் என்று பரூச்சில் கூடிய அன்பர்கள் கருதுகின்றனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் நூறு ரூபாய் தந்தாலே போதும் என்பது அவர்கள் மதிப்பு. நெல்லை அம்மையார் முதல் நூறு ரூபாயை நம் கையிலேயே கொடுத்தனுப்பினார். அதைச் சங்கப் பொருளாளரிடம் சேர்ப்பித்து, பற்றுச் சீட்டும் பெற்றுவிட்டோம். ஏனைய அன்பர்களும் தத்தம் கருத்தையும் நூற்றையும் அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறோம்.